பாட்டில் லேபிளில் மை கலங்குகிறது: எந்த அச்சு முறை பொருந்தும்?

கேள்வி: திரவக் கைச்சோப்பை நான்கு நறுமணங்களில் தயாரிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மாதம் 500 லேபிள்கள் தேவை. இப்போது வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஸ்டிக்கர் தாளில் அடிக்கிறேன். ஈரக் கை பட்டதும் மை கலங்கிவிடுகிறது. சிலர் பிளெக்ஸோ என்கிறார்கள், சிலர் டிஜிட்டல் என்கிறார்கள். பேட்ச் எண்ணும் தேதியும் ஒவ்வொரு முறையும் மாறும். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டு இங்க்ஜெட்டின் சாய மை உலர்ந்த பிறகும் நீரில் கரையக்கூடியது, அதைத் தாங்கி நிற்கும் தாளோ நீரை உறிஞ்சி உப்பிவிடும். ஆகவே மையை மட்டும் மாற்றிப் பயனில்லை, தாளையும் கைவிட வேண்டும். பம்ப் வைத்த கெட்டியான பாட்டிலுக்குப் பாலிபுரொப்பிலீன் பிலிம் போதும். அழுத்திப் பிதுக்கும் பாட்டிலாக இருந்தால், அதனுடன் சேர்ந்து வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் பிலிமைக் கேளுங்கள், இல்லாவிட்டால் லேபிள் சுருக்கம் விழுந்து ஓரத்தில் கிளம்பும்.

பிளெக்ஸோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பாலிமர் பிளேட் செய்ய வேண்டும். நுண்குழிகள் கொண்ட அனிலாக்ஸ் உருளை மையை அளந்து கொடுக்க, பிளேட்டின் மேடான பகுதி அதை வாங்கி பிலிமில் பதிக்கிறது. நான்கு வண்ணம், நான்கு வடிவமைப்பு என்றால் 16 பிளேட்டுகள். நறுமணத்தின் பெயர் மட்டுமே மாறி, அதுவும் கறுப்பில் மட்டும் இருக்குமாறு வடிவமைத்தால், பொதுவான மூன்றும் கறுப்பு நான்குமாக ஏழு பிளேட்டுகளில் வேலை முடிந்துவிடும். இதை அச்சகத்தார் தாமாகச் சொல்வது அரிது. அப்படியும் வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்குள் பல மீட்டர் பிலிம் வீணாகும் என்பதால், 500 லேபிளுக்கு இச்செலவு கட்டுப்படியாகாது. வடிவமைப்பு நிலைபெற்று, ஒவ்வொரு வகையும் பல ஆயிரங்களைத் தொடும்போது பிளெக்ஸோவுக்கு மாறுங்கள். குழிகள் செதுக்கிய உருளையால் அச்சிடும் கிராவியூர் இன்னும் பெரிய எண்ணிக்கைக்கானது. ஒளிபுகும் பிலிமில் கெட்டியான வெள்ளை வேண்டுமென்றால் ஸ்கிரீன் அச்சு நன்றாக இருக்கும். இரண்டும் இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

தற்போதைய அளவுக்கு டிஜிட்டல்தான் சரி. பிளேட் கிடையாது, நான்கு வடிவமைப்பையும் ஒரே ஓட்டத்தில் அடித்துவிடலாம். ஆனால் ‘டிஜிட்டல்’ என்ற பெயரில் வெவ்வேறு இயந்திரங்கள் இருப்பதால், எதில் அடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புறஊதா ஒளியில் இறுகும் யூவி இங்க்ஜெட் மை நீருக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். திரவத்தில் கலந்த நுண்ணிய வண்ணத் துகள்களால் அடிக்கும் திரவ டோனர் அச்சு நுணுக்கமாக விழும், ஆனால் அதன்மேல் வார்னிஷோ லேமினேஷனோ அவசியம். சோப்பு நாள்தோறும் வழிந்து படும் இடம் என்பதால், எந்த முறையானாலும் லேமினேஷனைத் தவிர்க்காதீர்கள் என்பேன்.

பேட்ச் எண்ணையும் தேதியையும் அச்சகத்தில் கொடுக்காமல், ரிப்பனிலுள்ள மையைச் சூட்டால் லேபிளில் பதிக்கும் சிறிய தெர்மல் டிரான்ஸ்பர் பிரிண்டரில் நீங்களே அடித்துக்கொள்வது நல்லது. ரிப்பன் இல்லாத நேரடித் தெர்மல் பிரிண்டரை வாங்கிவிடாதீர்கள். அதற்கான தாள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் நிறம் மாறும். (கையிலுள்ள பில் தாளை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகை.) மெழுகு ரிப்பன் தாளுக்கு ஏற்றது, பிலிமுக்கும் சோப்புக்கும் ரெசின் ரிப்பனே தாங்கும். தேதி விழும் கட்டத்தின் மேற்பரப்பு ரிப்பன் மையைப் பிடிக்க வேண்டும் என்பதை முன்பே அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்; சில பளபளப்பு லேமினேஷன்களில் அது ஒட்டாமல் உதிர்ந்துவிடும். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள், போதாது. 300 டிபிஐ வாங்குங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் மாதிரி லேபிளைக் கேட்டு வாங்கி, உங்கள் பாட்டிலிலேயே ஒட்டி, பசை முழுமையாகப் பிடிக்க ஒரு நாள் விடுங்கள். பின்னர் சோப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். துடைத்து உலர்த்தி, செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள். டேப்பில் வண்ணம் வந்தால் அச்சில் கோளாறு. வண்ணம் அப்படியே இருந்து ஓரம் மட்டும் வெளுத்துக் கிளம்பியிருந்தால், அச்சு முறையை விட்டுவிட்டுப் பசையையும் லேமினேஷனையும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.