வாசகர் கேள்விகள்: துப்பாக்கியும் ஓட்டுச்சீட்டும்

பள்ளிக்குள் புகுந்து குழந்தைகளைச் சுட்டதாக அமெரிக்காவிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் கட்டுப்பாடு கேட்கிறார்களாம். பிறகு ஏன் சட்டம் வருவதில்லை? பணம்தான் காரணமா?
- வாசகி, தஞ்சாவூர்

பணமும் உண்டு. ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட்டால் விஷயம் பிடிபடாது. அந்த ஒன்பது பேர் கேட்பது, துப்பாக்கி வாங்குபவரின் குற்றப் பின்னணியை எல்லா விற்பனையிலும் சரிபார்க்க வேண்டும் என்பதைத்தான். துப்பாக்கியையே பிடுங்குங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து அந்தச் சரிபார்ப்பை விரிவாக்கும் திருத்தம் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தது. கொண்டுவந்த செனட்டர்கள் மேன்சின், டூமி இருவருமே, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்திடம் நல்ல பெயர் வாங்கியவர்கள். ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனாலும் தோற்றது, ஏனென்றால் எதிர்ப்பவர்கள் முடக்காமல் இருக்க செனட்டில் தேவைப்பட்டது 60. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள், நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டே செனட்டர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த ஒன்பது பேர் ஓட்டுப் போடும்போது விலைவாசி, வேலை, மருத்துவச் செலவு என்று ஆயிரம் யோசிப்பார்கள். பத்தாவது ஆள் யோசிப்பது துப்பாக்கியை மட்டும். அரசியல்வாதி பயப்படுவது அவரிடம்தான். ராணுவ பாணித் துப்பாக்கிகள் பலவற்றுக்கு 1994-இல் பத்தாண்டுத் தடை வந்தது. அந்த நவம்பரிலேயே, தடையைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி, 40 ஆண்டு கையில் வைத்திருந்த பிரதிநிதிகள் சபையை இழந்தது; சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். துப்பாக்கிதான் காரணமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பயம் மட்டும் தங்கிவிட்டது. 2004-இல் தடை காலாவதியானது; நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை.

ஒரு துப்பாக்கியின் மேல் அப்படி என்ன பாசம்?
- வாசகர், நாகர்கோவில்

பென்சில்வேனியாவில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, தாத்தா விட்டுச்சென்ற ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கன்னம் பதியும் இடத்தில் மரக்கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. மான் வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமைதான் முன்பு வேட்டையின் முதல் நாள்; அன்று அங்கே பல பள்ளிகளுக்கே விடுமுறை. 2019-இல் வேட்டையின் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியும் பல ஊர்களில் அந்த விடுமுறை போகவில்லை.

"இதைப் பதிவு செய்துவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டேன். "இன்று பட்டியல் கேட்பார்கள், நாளை பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்" என்றார். கோபமே இல்லை; மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். மனிதர் நல்லவர், எங்களுக்கு மான்கறி கொடுத்தனுப்பியவர். அவர் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதை விலைக்கு வாங்கிய கருத்து என்று ஒதுக்கவும் முடியவில்லை. வேட்டை ஒரு பக்கம் இருக்கட்டும்; இன்று துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் காரணம் தற்காப்பு. பயந்து வாங்கியவரிடம் பயப்படாதீர்கள் என்று சட்டம் போட்டுச் சொல்ல முடியுமா?

எந்தத் துப்பாக்கி யாருடையது என்று கம்ப்யூட்டரைத் தட்டினால் தெரிந்துவிடாதா?
- வாசகர், ஈரோடு

தெரியாது. மத்தியப் பதிவேடு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மூடப்பட்ட கடைகளின் ரசீதுகள் பெட்டி பெட்டியாக மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மத்திய அரசு அலுவலகத்துக்கு வருகின்றன. அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். வாங்கியவர் பெயரைக் கொடுத்துத் தேட வழி கிடையாது. உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரித்துத்தான் வாங்கியவரைப் பிடிக்க வேண்டும். கூகுள் பிறந்த நாட்டில்!

அப்படியானால் எதுவுமே நடக்காதா?
- வாசகி, புதுச்சேரி

சிறிதளவு நடந்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்த பிறகு கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு இடம் குறுகிவிட்டது. இருந்தும் 2022-இல், டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த அடுத்த மாதமே ஒரு சட்டம் நிறைவேறியது. 21 வயதுக்குக் குறைந்தவர் வாங்க வந்தால் கூடுதல் சரிபார்ப்பு. பேச்சு நடத்திய டெக்சஸ் செனட்டர் ஜான் கார்னினைச் சொந்தக் கட்சி மாநாட்டிலேயே கூச்சலிட்டு அவமதித்தார்கள். கட்டுப்பாட்டைப் பொதுவாக எதிர்க்கும் அந்தக் குடியரசுக் கட்சியில், செனட்டில் ஆதரித்தவர்கள் 15 பேர். அவர்களில் அந்த நவம்பரில் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தவர்கள் இரண்டே பேர்.