சிஸ்டரிடம் கேளுங்கள்: நேரமும் கவனமும்

வணக்கம். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மதுரை திருநகரில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி சொல்லித் தருகிறேன். கேளுங்கள்.

செல்லூர்: சிஸ்டர், கண்ணை மூடினால் எண்ணம் ஓடிக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டாம், நிறுத்தவும் முடியாது. ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் நாளின் இடையிடையே போன் வழியாக, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா?’ என்று கேட்டு 2010-ல் வெளியிட்டார்கள். பதில்களில் 46.9 சதவீதத்தில் மனசு வேறெங்கோ இருந்தது. ஆக, உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது.

மூக்கு நுனியில் மூச்சு போவதையும் வருவதையும் கவனியுங்கள். மனசு பேங்க் லோனுக்குப் போய்விட்டதா? போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்பல்தான். பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை திரும்பினாலும் நல்லதே. ஒன்று மட்டும்: மூச்சை அடக்காதீர்கள். பிபி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது.

அண்ணா நகர்: டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன் அக்கா. 25 நிமிடம் படித்து, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி படிக்கிற பொமோடோரோ முறை, நம்ம 24 நிமிட நாழிகையைப் பார்த்து எடுத்ததா?

இல்லைப்பா. சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்தது. ஒரு நாளை 60 ஆகப் பிரித்தால் வருவது நாழிகை. இரண்டும் நெருங்கி வருவது தற்செயல்.

எந்த முறையானாலும் போன் வேறு அறையில் இருக்கட்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 மார்ச்சிலிருந்து போன் கொண்டுபோக முடியாது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். குளத்தைப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள். அவர்கள் யாரும் எந்த வகுப்புக்கும் போனவர்கள் இல்லை.

மேலூர்: ராகு காலத்தில் தியானம் ஆரம்பிக்கலாமா?

ஜோசியரைக் கேளுங்கள்.

பழங்காநத்தம்: எண்ணம் நிற்கவே மாட்டேங்குது சிஸ்டர்.

செல்லூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நிலக்கோட்டை, பூ விவசாயி: ‘இந்த நிமிஷத்தில் வாழுங்க’ என்பதெல்லாம் மாதச் சம்பளக்காரர் பேச்சு. விடியுமுன்னே மொட்டு பறிக்கிறவன் நாளைய விலையை யோசிக்காமல் எப்படிப் பிழைப்பது?

நாளையை யோசிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லையே! உட்கார்ந்து யோசித்தால் அதுவும் ஒரு வேலை. ஆனால் பறிக்கும்போது விலை, விலை பேசும்போது ஆள் கூலி, சாப்பிடும்போது கமிஷன் கடை பாக்கி என்று போனால், ஒரே கவலையைப் பத்துத் தடவை படுகிறீர்கள். எதுவும் முடிவாவதில்லை.

முடிக்காத வேலை மனசில் நிற்கும் என்று 1927-லேயே ஜைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். வேலை முடியாவிட்டாலும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தக் குடைச்சல் தணிகிறது என்று 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் சோதித்துக் காட்டினார்கள். அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். நாளைக்கு எத்தனை ஆள்? எந்த விலைக்குக் கீழே போனால் சென்ட் ஃபேக்டரிக்குப் போடுவது? எழுதி மூடுங்கள். காலையில் செடியைப் பார்த்துப் பறிக்கலாம்.

நிலக்கோட்டை: நோட்டில் எழுதினால் விலை ஏறிடுமா?

ஏறாது. தூக்கம் வரலாம்.

மாட்டுத்தாவணி, பூ வியாபாரி: முகூர்த்த நாளில் விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். போனைக் கீழே வைக்கச் சொல்றீங்களே, நஷ்டத்தை யார் தருவது?

உங்களுக்குப் போன்தான் தராசு. வியாபார நேரத்தில் கையிலேயே இருக்கட்டும். கடை அடைத்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் கையில் இருக்கிறதே, அந்தப் போனைத்தான் சொல்கிறேன்.

நிலக்கோட்டை: கமிஷன் பிடிக்கிறவருக்கு என்னம்மா நஷ்டம்? பூ வாடினாலும் நஷ்டம் எங்களுக்குத்தான்.

மாட்டுத்தாவணி: அட்வான்ஸ் கொடுத்துட்டு வசூலுக்கு அலையறது யாராம்?

அண்ணன்மார்களே, அதை மார்க்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நிலக்கோட்டைக்காரர் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது ‘மூச்சைக் கவனி’ என்பது கேலி செய்வது மாதிரி. அங்கே வேண்டியது கணக்கு, தவணை, வீட்டாரோடு பேச்சு. பத்து நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு உட்கார்ந்தால் கணக்குப் பார்க்கக் கொஞ்சம் நிதானம் கிடைக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கிற ஆளை நம்பாதீர்கள்.

உசிலம்பட்டி: வீட்டுக்காரர் இறந்த பிறகு கண்ணை மூடினாலே நெஞ்சு படபடக்குதும்மா. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரட்டுமா?

வேண்டாம்மா, நிறுத்திவிடுங்கள். கண்ணைத் திறந்தே இருங்கள். பாதம் தரையில் படுவதை உணருங்கள், அறையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். படபடப்பை டாக்டரிடம் காட்டுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

தல்லாகுளம்: கோரிப்பாளையம் சிக்னலில் பைக்கில் கண்ணை மூடிப் பயிற்சி செய்யலாமா?

கூடாது! விளக்கைப் பாருங்கள்.

சிம்மக்கல்: ரமணருக்கு மதுரையில்தானே அனுபவம் வந்தது? அவர் வழியும் இதுவும் ஒன்றா?

ஆமாம், மதுரையில்தான். 1896-ல், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், 16 வயதில். திடீரென்று சாவு பயம் வந்தபோது எழுந்து ஓடாமல், படுத்து அதையே உற்றுப் பார்த்தார். அந்த வீடு இப்போது ரமண மந்திரம் என்ற தியான இடம். உங்களுக்கு நடக்கிற தூரம்தான். அவர் வழியான ‘நான் யார்’ விசாரம் எனக்குச் சொல்லித்தர வராது, அங்கே கேளுங்கள்.

வில்லாபுரம்: மனசு அலைபாயுது. என்ன செய்யலாம்?

மேலே இரண்டு பேர் கேட்டாயிற்று. மூச்சை அடக்காதீர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மாட்டுத்தாவணி: காலை வகுப்புக்கு வர முடியாது சிஸ்டர், மார்க்கெட் நேரம். சாயங்காலம் உண்டா?

உண்டு, ஞாயிறு ஐந்தரைக்கு. நிலக்கோட்டைக்காரரும் அதே நேரத்தைத்தான் கேட்டிருக்கிறார். இடம் இருக்கிறது, தள்ளி உட்காரலாம்.