எந்த ஊருக்கு எது பேர்? ஜப்பான் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: நல்ல சமையல் கத்தி வாங்க வேண்டும். சகாயா, செகியா?

பதில்: என்ன வெட்டப் போகிறீர்கள்? வீட்டில் வெங்காயமும் காரட்டும் நறுக்க செகி கத்தி தாராளமாகப் போதும். ஒரு காலத்தில் வாள் அடித்த ஊர். இன்று அங்கே ஆலைகளில் கத்தி, கத்தரிக்கோல், சவர பிளேடு எல்லாம் தயாராகின்றன.

ஒசாகாவை ஒட்டிய சகாய் வேறு ரகம். போர்த்துகீசியர் மூலம் புகையிலை வந்த பிறகு, அந்த இலையைச் சீவும் கத்தியால் பேர் வாங்கிய ஊர். எடோ காலத்து (1603–1868) ஷோகுன் அரசே, அதாவது அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவரின் அரசே, அதற்கு முத்திரை கொடுத்தது. இன்றும் ஜப்பானிய உணவகச் சமையல்காரர்கள் சகாயைத்தான் தேடிப் போகிறார்கள். அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். தகட்டில் பெரும்பாலும் வியாபாரியின் பெயர்தான் இருக்கும். அதனால் 'சகாய்' என்ற எழுத்தைப் பார்த்ததும் காசை நீட்டாமல், யார் அடித்தது, என்ன எஃகு என்று கேளுங்கள்.

பச்சை மீன் சீவும் யனகிபா கத்தியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் சரிவு. பின்பக்கம் மெல்லிசாகக் குழிந்திருக்கும், மீன் ஒட்டாமல் பிரிவதற்காக. இடக்கைக்காரர்களுக்குத் தனியாகச் செய்ததுதான் சரிவரும். கார்பன் எஃகாக இருந்தால், எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும். தேங்காய், எலும்பு பக்கம் கொண்டுபோனால் வாய் பெயர்ந்துவிடும்.

அப்புறம், விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

கேள்வி: டோக்கியோவில் ஐந்து நாள். என்னென்ன பார்க்கலாம்?

பதில்: பயண ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஊர்களும் அவற்றின் சரக்கும்தான்.

கேள்வி: இமாரி பீங்கான் இமாரியில்தானே செய்கிறார்கள்?

பதில்: அந்தப் பேரை வாங்கிக் கொடுத்த பழைய பீங்கான் பக்கத்திலுள்ள அரிதாவில் சுட்டது. 1616-இல் கொரியக் குயவர் யி சாம்-பியோங் அங்கே பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது ஊர் வரலாறு. சரக்கு இமாரித் துறைமுகத்தில் கப்பலேறியது. டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். உழைத்தது அரிதா, பேர் தட்டிக்கொண்டது இமாரி. பெட்டி மேல் இருக்கும் ஊர்ப் பெயரை அப்படியே நம்பாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: இமாபாரி துண்டு ஏன் அவ்வளவு விலை?

பதில்: சோதனை அப்படி. துண்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டித் தண்ணீரில் போட்டால் ஐந்து வினாடிக்குள் மூழ்க வேண்டும். கடையில் தொட்டவுடன் வழுவழு என்று இருந்தும் தண்ணீரையே உறிஞ்சாத துண்டுகளை நாம் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். காசு இதற்குத்தான்.

கேள்வி: கியோசா (கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் பூரணம் வைத்துச் செய்வது) என்றால் உட்சுனோமியா ஊர்தானே?

பதில்: போட்டி ஊரான ஹமாமட்சுவில் போய் இப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி (அதே அன்பர்): ஸ்டேஷன் பக்கத்திலேயே சிலை வைத்திருக்கிறார்களே!

பதில்: சிலை வைத்தால் ஆச்சா? கியோசா மாவைப் போர்த்திக்கொண்ட வீனஸ் அது, ஓயா என்ற உள்ளூர்க் கல்லில் செதுக்கியது. 2008-இல் இடம் மாற்றும்போது விழுந்து உடைந்து, பிறகு ஒட்டினார்கள். கியோசா தின்பது, மஞ்சூரியாவிலிருந்து (சீனாவின் வடகிழக்கு) திரும்பிய பதினான்காம் படைப்பிரிவுச் சிப்பாய்கள் கொண்டுவந்த பழக்கம் என்று ஊரார் சொல்வார்கள்.

கேள்வி: ஹமாமட்சுவில் வேலை பார்த்தவன் நான். வட்டமாக அடுக்கி, நடுவில் அவித்த முளைப்பயறு வைத்துத் தருவார்களே, அதற்கு முன்னால் உட்சுனோமியா எம்மாத்திரம்?

பதில்: வந்துவிட்டீர்களா! சரி, இந்தச் சண்டையின் மூலத்தையே சொல்கிறேன். அரசு எடுக்கும் குடும்பச் செலவுக் கணக்கில், ஒரு வீடு வருடத்துக்குக் கியோசாவுக்குச் செலவழித்த பணம் ஊர்வாரியாக வரும். அதில்தான் முதலிடம், இரண்டாமிடம் எல்லாம். கணக்கில் வருவது கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது மட்டும். ஹோட்டலில் உட்கார்ந்து தின்றது சேராது, உறைய வைத்த பாக்கெட்டும் சேராது. மாகாணத் தலைநகரங்களும் சில பெருநகரங்களும்தான் பட்டியலிலேயே உண்டு. ஹமாமட்சு அந்த அந்தஸ்து பெற்றதே 2007-இல். 2011-இல் உட்சுனோமியாவை முந்தியது. இருவரும் முட்டிக்கொண்டிருக்க, 2021-இல் மியாசாகி நுழைந்து முதலிடத்தை எடுத்துக்கொண்டது.

அதனால் ருசிக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. என் ஓட்டு ஹமாமட்சுவுக்கு. முளைப்பயறு இல்லாமல் ஒரு தட்டு முழுக்கத் தின்றால் எண்ணெய் திகட்டும்.

கேள்வி: மியாசாகியை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே?

பதில்: கியோசா போதும். அடுத்தது.

கேள்வி: சபாயே ஏன் மூக்குக்கண்ணாடிக்குப் பேர் போனது?

பதில்: பனி. குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. 1905-இல் மசுனாகா கோசாயெமோன் என்பவர் வெளியூர்க் கைவினைஞர்களை வரவழைத்து, அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் செய்யக் கற்றுக்கொடுத்தார். இன்று ஜப்பானில் செய்யும் சட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சபாயே இருக்கும் ஃபுகுயி மாகாணத்துச் சரக்கு. 1980-களில் டைட்டானியத்தில் சட்டம் செய்து காட்டியதும் இவர்கள்தான்.

கேள்வி: டகமட்சு ஊரின் உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சைவமா?

பதில்: இல்லை. குழம்பில் கருவாட்டுச் சாறு. இதே கேள்வி ராமென், சோபா என்ற மற்ற நூடுல்ஸ்களுக்கும் வந்திருக்கிறது, பதிலும் இதே. சுத்த சைவம் வேண்டுமென்றால் கோயாசான் மலையின் புத்த மடங்களில் தங்கிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கத்தியைக் கைப்பையில்...

பதில்: கூடாது.

கேள்வி: டொயோட்டா கம்பெனிக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார்களா?

பதில்: தலைகீழ். ஊர் பெயர் கொரொமோ. 1959-இல் கம்பெனி பெயரை ஊருக்கு வைத்தார்கள்.