நான்கு வருடமா, நான்கு மாதமா?

வாசகர் கேள்வி பதில்

பிள்ளைப்பேறு பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிராமங்களிலும் பின்னர் கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊர்களிலும் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால், இந்தக் கேள்விகள் எதுவும் எனக்குப் புதியன அல்ல. பெயர்களை நீக்கிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 27 வயது. கலியாணம் முடித்து நான்கு வருடமாகிறது. இரண்டு கிழமையிலேயே கணவர் கத்தாருக்குப் போய்விட்டார். பிறகு இரண்டு தடவை ஒன்றரை மாத விடுமுறையில் வந்து திரும்பினார். தனியார் இடமொன்றில் எனக்கு இரத்தம், ஸ்கேன், குழாய்ப் படம் எல்லாம் எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் மாதாமாதம் குடிக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். கணவர் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. தனக்குக் குறை இருக்காது என்கிறார். போன மாதம் அயல் வீட்டில் நடந்த 31 ஆம் நாள் துடக்குக் கழிவில் பிள்ளையைத் தூக்கப் போன என் கையை ஒருவர் தட்டிவிட்டார். குறை என்னிடம்தானா?
— வாசகி, மண்டூர்

பதில்: மகள், முதலில் நாட்களைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணவனும் மனைவியும் எந்தத் தடுப்பு முறையும் இல்லாமல் 12 மாதங்கள் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்த பின்னரும் கரு தங்காவிட்டால்தான் அதைக் கருவளக் குறைபாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுக்கிறது. (பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே வைத்தியரைக் காண்பது நல்லது.) நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தைக் கூட்டினால் நான்கு மாதங்கூட வரவில்லை. அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னர் சூல் வெளிப்படுகிறது. அது ஒரு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. விந்தணு மட்டும் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே ஒரு மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். இந்த நான்கு வருடத்தில் உங்களுக்குக் கிடைத்தவை அப்படிப்பட்ட மூன்று அல்லது நான்கு வாய்ப்புகள் மட்டுமே. இதை வைத்து உங்களிடமும் சரி, அவரிடமும் சரி, குறை இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மாத்திரை எனக்குக் கவலை தருகிறது. அது சூல் முதிர்வதற்காகக் கொடுக்கப்படுவதாயின், கணவர் கடல் கடந்து இருக்கும் மாதங்களில் அதனால் ஒரு பயனும் இல்லை. கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையைப் பாராமல் அதைத் தொடர்வதும் முறையல்ல. எதற்காகத் தந்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அரசாங்க வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டுங்கள். சூலகக் கட்டிகளோடு மாதவிடாய் பிந்திப் பிந்தி வருதல், தைரொயிட் கோளாறு, முன்பு வந்த கிருமித் தொற்றினால் பலோப்பியன் குழாய் அடைபடுதல், கருப்பையின் உட்சவ்வு வெளியிலும் வளர்ந்து மாதந்தோறும் கடும் வலி தருதல் ஆகியவையே பெண்களிடம் அடிக்கடி காணப்படும் காரணங்கள். உங்களிடம் செய்த சோதனைகளில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டாயிற்று. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆனால் நோவு தருகிற சோதனைகளைப் பெண் செய்து முடித்த பின்னர்தான் நோவே இல்லாத ஒரு சோதனைக்கு ஆண் சம்மதிக்கிறார். என் பணிக்காலம் முழுவதும் நான் கண்ட அநியாயம் இதுதான்.

அவர் அடுத்த விடுமுறையில் வந்ததும் முதற் கிழமையிலேயே இதைச் செய்யலாம். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவைத் தவிர்த்து, ஆய்வுகூடம் தருகின்ற வாயகன்ற போத்தலில் மாதிரியைக் கொடுக்க வேண்டும். ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு மணித்தியாலத்தை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டிலேயே மாதிரியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மண்டூர்த் துறையில் பாதை எனப்படும் படகுக்காக வெயிலில் நின்று, அக்கரையிலுள்ள குருமண்வெளிக்குப் போய், பஸ் ஏறி நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டரை மணித்தியாலம் கடந்திருந்தது. விந்தணுக்கள் அசையவில்லை என்று அறிக்கை வந்தது. அந்தக் கடதாசியை மடித்து அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மனைவியோடு முகங்கொடுத்துப் பேசாமல் ஒரு வருடம் இருந்தார் அந்த மனிதர். மறுபடி ஆய்வுகூடத்திலேயே மாதிரியைக் கொடுக்கச் செய்தோம். முடிவு சாதாரணமாக இருந்தது. ஆகவே உங்கள் கணவர் நகரத்துக்குப் போய் அங்கேயே கொடுக்கட்டும். ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் விந்தணுக்கள், அவற்றில் 42 வீதத்துக்கு அசைவு என்பன 2021 இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபன வழிகாட்டியின் கீழெல்லைகள். இதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் செல்லும். கடுங்காய்ச்சலோ, தொடர்ந்து வெக்கையில் வேலை செய்வதோ அதைப் பாதிக்கும். எனவே ஒரு முடிவு குறைவாக வந்தால் மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உங்கள் கையைத் தட்டிவிட்டதற்கு வருகிறேன். மட்டக்களப்பில் குடி என்கிற குலம் தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருகிறார். பிள்ளையில்லாத பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும் கொடுமை வேறிடங்களைப் போல இங்கு எளிதில் நடக்காததற்கு இது ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே வழக்கம் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது: குடி பெண் வயிற்றால் தொடர வேண்டும் என்பதால், மாமியைவிடப் பெற்ற தாயே மகளை அதிகம் நெருக்குகிறார். “ஏதும் புதினம் உண்டா?” என்று மாதாமாதம் தாய் கேட்பது அன்பினால்தான் என்றாலும், கேட்கப்படுகிறவளுக்கு அது மாதாமாதம் ஒரு பரீட்சை. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் கருவளக் குறைபாட்டைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் சொன்னது. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை ஒருத்தியின் கைராசியாக்கிப் பிள்ளையைத் தொடவிடாமல் தடுப்பது கொடுமை என்றே சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அதை வைத்தபடியே இருக்கட்டும். மருமகனையும் அந்தப் போத்தலோடு அனுப்பி வைக்கட்டும்.

கேள்வி: என் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். வருகிற மாதம் கலியாணம். படிப்பு முடியும் வரை பிள்ளையைத் தள்ளிவைக்க விரும்புகிறாள். முதற் பிள்ளைக்கு முன்னர் தடுப்பு முறை பாவித்தால் கருப்பை வற்றிவிடும் என்று என் அக்கா பயமுறுத்துகிறார்.
— தாயார், கல்முனை

பதில்: கருப்பை வற்றாது. குடிக்கும் மாத்திரையை நிறுத்தினால் சில கிழமைகளிலேயே கருவளம் திரும்பிவிடும். ஆணுறைக்கு அந்தக் கேள்வியே இல்லை. கருப்பைக்குள் வைக்கின்ற லூப்பும், கையில் தோலின் கீழ் வைக்கின்ற குச்சியும் எடுத்தவுடன் செயலற்றுப் போகின்றன. மூன்று மாத ஊசிதான் சற்று வேறு. கடைசி ஊசியிலிருந்து பத்து மாதம் அளவில் பிந்தலாம். நிரந்தர மலட்டுத்தன்மை அதனாலும் வராது. ஆனால் இன்னும் ஒரு வருடத்தில் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற பெண்ணுக்கு நான் அந்த ஊசியைச் சொல்லமாட்டேன். உங்கள் அக்காவின் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்கவில்லை: ஊசி நிறுத்திய பின் பிந்திய யாரையோ அவர் கண்டிருப்பார்.

உண்மையில் கருப்பையையும் குழாய்களையும் கெடுப்பவை கவனிக்காமல் விட்ட கிருமித் தொற்றும், மறைவில் செய்கின்ற கருக்கலைப்பும்தான். தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை நம் தண்டனைச் சட்டக்கோவை அனுமதிப்பதில்லை. அதனால் அது இருட்டறையில் நடக்கிறது. தடுப்பு முறையைத் தடுத்த குடும்பங்களே பிறகு அந்த இருட்டறையைத் தேடிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

மகளையும் மருமகனையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பி, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியச் செய்யுங்கள். ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது போலிக் அமில மாத்திரையும் தருவார். ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிவைப்பது பயப்படக் கூடியதல்ல. ஆனால் 35 வயதுக்குப் பின் சூலின் எண்ணிக்கையும் தரமும் விரைவாகக் குறையும் என்பதை மகள் இப்போதே அறிந்திருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே எழுத விரும்புகிறேன். எல்.ஆர்.ரி. எனப்படும், பெண்ணின் குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை நிரந்தரமானது. 2004 டிசம்பர் 26 கடல் வந்த பின், இந்தக் கரையில் பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்த தாய்மாரில் குழாயைக் கட்டியிருந்தவர்களும் இருந்தார்கள். என் கையைப் பிடித்து, “அவிழ்க்க ஏலாதா மிஸ்ஸி?” என்று ஒரு தாய் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய தாய்மாருக்குக் குழாயை மீள இணைக்கும் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கமே செலவு செய்தது. அப்படி இணைத்தாலும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. இளவயதுத் தம்பதியர் அந்தக் கையெழுத்தைப் போடுமுன் ஐந்து வருடக் குச்சியையும் பத்து வருட லூப்பையும் பற்றிக் கேட்டறியுங்கள்.

கேள்வி: விந்தணு குறைவு என்றார்கள். ஜிம்மில் உடல் தேற ஊசி போடுகிறேன், அது பலம்தானே? பத்திரிகை விளம்பரத்தில் வரும் லேகியம் வாங்கலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, அந்த ஊசி டெஸ்டஸ்டிரோன் வகையாக இருந்தால் உங்கள் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து அது வரும்போது மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. தோள் பெருக்கும், விந்தணு அற்றுப்போகும். ஊசியை உடனே நிறுத்தி வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வருகிறது. புகைத்தலையும் விடுங்கள். லேகியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவது பரிசோதனையைச் செய்யலாம்.

கேள்வி: எனக்கு 42, கணவருக்கு 46 வயது. கொழும்பில் சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்குக் காணி விற்றுச் செலவழித்தும் பலிக்கவில்லை. என் தங்கச்சி தன் மூன்றாவது பிள்ளையைத் தருகிறேன் என்கிறாள். வாய்ச்சொல்லாக வாங்கினால் போதுமா? குடி மாறிவிடும் என்று கணவரின் ஆட்கள் சொல்கிறார்கள்.
— வாசகி, ஆரையம்பதி

பதில்: வாய்ச்சொல் போதாது. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் கட்டளை பெற வேண்டும். ஏற்பவருக்கு 25 வயதுக்குக் குறையக் கூடாது. பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பத்து வயது கடந்த பிள்ளையானால் அதன் சம்மதமும் தேவை. கட்டளை இல்லாமல் வளர்த்த பிள்ளைக்கு நாளை பாடசாலை அனுமதியிலும், நீங்கள் எழுதிவைக்காத சொத்திலும் சிக்கல் வரும். தங்கச்சியும் அவருடைய கணவரும் ஒருவரையொருவர் நெருக்காமல் மனதார இணங்கியிருக்கிறார்களா என்பதைத் தனித்தனியே கேட்டு உறுதிசெய்த பிறகே சட்டத்தரணியிடம் போங்கள்.

குடியைப் பற்றிய பேச்சு எனக்கு விளங்கவில்லை. நீங்களும் தங்கச்சியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உங்கள் குடிதான் அவருடைய குடி. அந்தப் பிள்ளை பிறக்கும்போதே உங்கள் குடியில்தான் பிறந்தது. கோயிலில் எந்தக் குடி என்று கேட்டாலும், நாளை கலியாணப் பேச்சில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். இப்போதே உங்களைப் பெரியம்மா என்றுதான் அது அழைக்கிறது. பெற்றவள் யார் என்பதை மட்டும் ஊரார் வாயால் அறிய விடாமல், விளங்கத் தொடங்கும் வயதிலேயே தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.