ரீச்சரைக் கேளுங்கள்: பொத்தான் கடை அம்மா யார்?

கேள்வி: ரீச்சர், என் மகன் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டுக் காட்டினான். பொத்தான் விற்கிற, காது கேளாத யூத அம்மா ஒருவர் அதில் வருகிறார். அவருடைய முகம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. யார் அவர்?
- வாசகி, உப்புவெளி

பதில்: அவர் பெயர் ஐடா காமின்ஸ்கா. நீங்கள் பார்த்தது 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வெளிவந்த 'பிரதான வீதியில் ஒரு கடை'. அது சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஓஸ்காரை வென்றது. அடுத்த ஆண்டுக்கான சிறந்த நடிகை விருதுக்கு ஐடாவின் பெயரும் போனது. விருது எலிசபெத் ரெய்லருக்குக் கிடைத்தது.

ஆனால் சினிமா அவருடைய வாழ்க்கையில் ஒரு சின்னப் பகுதிதான். அவர் இத்திஷ் நாடக மேடையின் பிள்ளை. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி இத்திஷ். அம்மா எஸ்தர் ராகேல் காமின்ஸ்காவை 'இத்திஷ் நாடகத்தின் தாய்' என்றே சனம் அழைத்தது. அப்பா நாடகக் குழு நடத்தியவர். குழு ஊர் ஊராகப் போன காலத்தில், 1899இல், ஒடெசாவில் ஐடா பிறந்தார். சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். 1920களில் முதல் கணவர் சிக்மன்ட் டூர்கோவுடன் சேர்ந்து போலந்துத் தலைநகர் வார்சோவில் இத்திஷ் கலை அரங்கை உருவாக்கினார். நடித்தார், நெறியாள்கை செய்தார், பிறமொழி நாடகங்களை இத்திஷுக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் படத்தில் ஓர் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலக் கதை அது. யூதர்களின் கடைகளைப் பறிக்கிற சட்டப்படி, தச்சர் ஒருவர் 'இனி இந்தக் கடை என் பொறுப்பு' என்ற கடதாசியோடு வருகிறார். அம்மாவுக்குக் காது கேட்காது, நடப்பதும் சரியாகப் புரியாது. தனக்கு உதவ வந்தவர் என்று நினைத்துக்கொண்டு அன்பாகப் பேசுகிறார். ஐடா அங்கே நம்மை அழவைக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை. ஒரு கடைக்கார அம்மா காலையில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். 'நாடகமும் அரங்கியலும்' படிக்கிற பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பாடம் அதுதான்.

கேள்வி: நம் கூத்துப் போல அவர்களுக்கும் ஏதாவது இருந்ததா?
- மாணவன், தம்பலகாமம்

பதில்: இருந்தது, தம்பி. பூரிம் என்ற யூதப் பண்டிகையில் ஊர்க்காரரே வேடம் கட்டி, வீடு வீடாகப் போய் எஸ்தர் ராணியின் கதையை ஆடிப் பாடுவார்கள். கூத்தில் போலவே பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். அப்புறம் 1876இல் ருமேனியாவின் யாசி நகரில் ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன் என்ற கவிஞர் தொழில்முறைக் குழுவைத் தொடங்கினார். கொஞ்சக் காலத்திலேயே பெண்களும் நடிக்க வந்தார்கள். 1883இல் ரஷ்யப் பேரரசு இத்திஷ் நாடகத்தைத் தடைசெய்தது. குழுக்கள் 'ஜெர்மன் நாடகம்' என்று விளம்பரம் போட்டுக்கொண்டு ஆடின. கனபேர் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் கப்பல் ஏறினார்கள்.

கேள்வி: அந்த மொழி பேசிய சனமே கொல்லப்பட்ட பிறகு ஐடா யாருக்காக நடித்தார்?
- வாசகர், மூதூர்

பதில்: இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன், ஐயா.

இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் ஹிட்லரின் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். 1939இல் ஐடா வார்சோவிலிருந்து லுவோவுக்கு, இன்று உக்ரேனில் இருக்கும் லிவிவ் நகருக்கு, ஓடினார். அங்கும் நாடகம் போட்டார். 1941இல் ஜெர்மன் படை அங்கேயும் வர, மத்திய ஆசியாவுக்கு, இன்றைய கிர்கிஸ்தானுக்குப் போனார். போர் முடிந்ததும் போலந்துக்கே திரும்பினார். அம்மாவின் பார்வையாளர்கள் இருந்த தெருக்கள் அங்கே இல்லை. இருந்தும் அரசு யூத அரங்கின் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

அந்த அரங்கில் இருக்கைகளில் காதுக்கருவி வைத்தார்கள். மேடையில் இத்திஷ் ஓட, காதில் போலிஷ் மொழிபெயர்ப்பு ஓடும். மொழி தெரியாதவர்கள் அப்படி உட்கார்ந்து பார்த்தார்கள். தன் மொழியை மாற்றாமல், வந்தவரையும் திருப்பி அனுப்பாமல் செய்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். திருகோணமலையில் தமிழ் நாடகத்துக்குச் சிங்கள அயலவர்கள் வந்து முன்வரிசையில் இருக்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒருவர் மெல்லிய குரலில் கதை சொன்னால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

1968இல் போலந்து அரசே யூதர்களுக்கு எதிராகப் பிரசாரம் தொடங்க, தன் 69ஆவது வயதை நெருங்கிய ஐடா நாட்டை விட்டு வெளியேறினார். நியூயோர்க்கில் நிரந்தர இத்திஷ் அரங்கு ஒன்றை நிறுத்தப் பாடுபட்டார், அது நிலைக்கவில்லை. 1980இல் அங்கேயே காலமானார். வார்சோ அரங்கு இன்றும் இயங்குகிறது, தாயும் மகளும் அதன் பெயரில் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்பதுதான் கவலை.

கேள்வி: பாடசாலை நாடகப் போட்டிக்கு இத்திஷ் நாடகம் ஒன்றைத் தமிழில் போடலாமா, ரீச்சர்?
- ஆசிரியை, நிலாவெளி

பதில்: தாராளமாக, தங்கச்சி. ஜேக்கப் கோர்டின் 1898இல் எழுதிய 'மிரெலே எஃப்ரோஸ்' எடுங்கள். தாயும் மகளுமாக இரண்டு காமின்ஸ்காக்களும் புகழ்பெற்ற பாத்திரம் அது. கதை நமக்கு விளக்கமே தேவையில்லாதது. கணவர் விட்டுப்போன கடனை அடைத்து, வியாபாரத்தைத் தூக்கி நிறுத்திய விதவைத் தாய். மூத்த மகனுக்குக் கலியாணம் செய்துவைக்கிறார். மருமகளும் அவள் வீட்டாரும் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கைக்குள் எடுக்க, தாய் வீட்டை விட்டுப் போகிறார். வருடங்கள் கழித்து, யூதப் பையன்களுக்குச் செய்யும் தன் 13 வயதுச் சடங்குக்கு அப்பம்மாவைக் கூட்டிப் போகப் பேரப்பையன் வருகிறான்.

ஆனால் மருமகளை வில்லியாக்கி விடாதீர்கள். அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொலைக்காட்சித் தொடர் ஆகிவிடும். மிரெலே வேடத்துக்கு நன்றாக அழக்கூடிய பிள்ளையைத் தேட வேண்டாம். நிமிர்ந்து நின்று, தாழ்ந்த குரலில் கட்டளை போடத் தெரிந்தவளாகப் பாருங்கள். சாவிக்கொத்தைக் கொடுக்கும் காட்சிக்கு ஒத்திகையில் கனநேரம் ஒதுக்குங்கள். பிரதி தயாரானதும் அனுப்புங்கள், வாசித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.