மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், நூலைக் காட்டுங்கள்

கேள்வி: அப்பா 1988-ல் வாங்கிய டூ-இன்-ஒன் இன்னும் வீட்டில் இருக்கிறது. ரேடியோ பாடுகிறது. கேசட் போட்டால் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது, சக்கரம் சுற்றவில்லை. இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதே நின்றுவிட்டது என்று இரண்டு கடைகளில் கைவிரித்துவிட்டார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயோ, போடாதீர்கள்! மோட்டார் ஓடுகிறது என்றாலே பாதிக் கவலை விட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக ரப்பர் பெல்ட் அறுந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தார் மாதிரி புல்லியில் (பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) அப்பிக் கிடக்கும். அது கையில் பட்டால் லேசில் போகாது. பழைய பனியன் துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தமாகத் துடையுங்கள், துளி மிச்சமிருந்தாலும் பாட்டு அலைபாயும்.

கடையில் மாடலைச் சொல்லிக் கேட்டதுதான் சிக்கல். பெல்ட்டுக்கு ஏது மாடல், அளவுதான். இழுபடாத தையல் நூலை, பெல்ட் ஓடும் வழியிலேயே புல்லி, ஃப்ளைவீல் (கனமான பெரிய சக்கரம்) எல்லாவற்றையும் சுற்றி வந்து, முனை சேரும் இடத்தில் வெட்டி அளந்து பாருங்கள். 220 மில்லிமீட்டர் வந்தால், அதில் சுமார் 5 சதவீதம் குறைத்து 209 சுற்றளவுள்ள பெல்ட் வாங்குங்கள். சில இடங்களில் விட்டத்தைத்தான் கேட்பார்கள், 3.14-ஆல் வகுத்தால் 66 சொச்சம். பழைய துண்டு கிடைத்தால் அது சதுரமா, பட்டையா என்று பார்த்து, கையோடு எடுத்துப்போங்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு வர முடியாவிட்டால், பல அளவு பெல்ட்கள் கலந்த பாக்கெட் ஆன்லைனிலும் கிடைக்கிறது. பணம் கட்டும் ரப்பர் பேண்டை மட்டும் மாட்டாதீர்கள். கல்லூரி நாளில் நான் மாட்டிப் பார்த்தேன், பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடினார், ஒரு மாதத்தில் அதுவும் அறுந்தது.

மோட்டாரே போயிருந்தாலும் இதே கதைதான். வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று (பெரும்பாலும் 2400), எந்தப் பக்கம் சுற்றும், இது மூன்றும் பொருந்தினால் போதும், கம்பெனி பெயர் வேண்டாம்.

உடைந்த பட்டன், பல் போன பிளாஸ்டிக் கியர்தான் நிஜத் தலைவலி. புதிதாகக் கிடைக்காது, காயலான் கடையே கதி. அங்கேயும் வெளிப் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள். வேறு வேறு கம்பெனி செட்டுக்குள் ஒரே மெக்கானிசம் (கேசட்டை ஓட்டும் பாகம்) இருப்பது சகஜம்.