பிஸ்டன் ஏன் கீறியது? அதிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: பழைய 60 சிசி செயின்சா ஒன்று வாங்கினேன். ஸ்டார்ட் ஆகிறது, மரத்தில் வைத்ததும் இழுவை போய்விடுகிறது. சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல். பிக் போர் கிட் (விட்டம் பெரிய சிலிண்டர்-பிஸ்டன் செட்) போட்டு, போர்ட்டையும் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் வாய்) அரைத்துவிட்டால் பவர் கூடுமா?

பதில்: போர்ட் வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிஸ்டன் எதனால் கெட்டது என்று தெரியாமல் புதிது போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் காற்று கூடி, பெட்ரோல் குறைந்துபோய் இன்ஜின் லீனாக ஓடிச் சூடேறியிருக்கிறது. கார்ப்பரேட்டர் பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால், யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கலாம்.

லீனாக ஓடியது என்றால் க்ராங்க் ஆயில் சீல், இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் குழாய் (க்ராங்க்கேஸ் அழுத்தத் துடிப்பைக் கார்ப்பரேட்டருக்குக் கொண்டுபோவது) மூன்றையும் சந்தேகப்படுங்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 0.5 பார் அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை தெரிந்துவிடும். காற்றை உறிஞ்சிப் பார்க்கும் வேக்குவம் சோதனையையும் விடாதீர்கள். அழுத்தத்தில் தாங்கும் சீல் சில நேரம் வேக்குவத்தில் கசியும்.

அடுத்து சிலிண்டர். சுவரில் தெரியும் கோடுகள் பல நேரங்களில் பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம்தான். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் வையுங்கள். அலுமினியம் இருக்கும்வரை நுரைக்கும்; தீர்ந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் சிலிண்டர் சுவரின் கடினமான உலோகப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பூச்சு நன்றாக இருந்தால் ஒரிஜினல் சிலிண்டரிலேயே தரமான புது பிஸ்டனைப் போடுங்கள். மலிவான பிக் போர் கிட்டில் போர்ட் விளிம்புகள் பிசிறோடு வருவது சகஜம். ரிங்கை அவை தின்றுவிடும். பிஸ்டனின் அம்புக்குறி எக்ஸாஸ்டைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னை (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் உருளை) நகராமல் பிடிக்கும் சர்க்ளிப்பும் புதிதாகவே போடுங்கள்.

பவருக்கு முதல் வழி சைலன்சர். அதன் வாயைப் பெரிதாக்குங்கள், ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட் பரப்பில் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம். தீப்பொறி வலையை எடுக்கவே கூடாது, காய்ந்த சருகில் ஒரு பொறி போதும். அடுத்தது ஸ்க்விஷ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி. சாலிடர் கம்பியை ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக, பிஸ்டன் பின்னின் முனை இருக்கும் திசையில் சிலிண்டர் சுவர்வரை நுழைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி நசுக்கி அளவெடுங்கள். 0.9 மில்லிமீட்டர் இருந்து, சிலிண்டர் அடியிலுள்ள பேஸ் கேஸ்கெட்டின் தடிமனைக் கழித்தாலும் 0.5க்குக் குறையாது என்றால், அதை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் சீலன்ட் மட்டும் போடலாம். 0.5க்குக் கீழே இறங்காதீர்கள்.

சைலன்சரைத் திறந்தபின் பழைய ட்யூனிங்கில் ஓட்டினால் மறுபடி லீன்தான். எச் ஸ்க்ரூவை (அதிவேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூ) கொஞ்சம் திறந்து, சுமையில்லாமல் முழு த்ராட்டில் கொடுங்கள். சத்தம் தடதடவென்று கரகரப்பாக இருந்து, மரத்தில் இறங்கியதும் சுத்தமானால் அதுதான் சரியான இடம். இன்ஜின் சுற்று வேகம் காட்டும் டாக்கோமீட்டரில் கம்பெனி சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. கலவைக்குத் தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயில், 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஓரிரு டேங்க் ஓட்டி ரிங் படிந்ததும் எச் ஸ்க்ரூவை மறுபடி சரிபாருங்கள். இதற்குப் பிறகும் பவர் போதவில்லை என்று பட்டால் மட்டும் போர்ட்டைத் தொடுங்கள்.